அடுத்த எண்

நம்பச் சொல்லி யாரையும் கெஞ்ச மாட்டேன். இல்லாததை இட்டுக்கட்டி, எங்கள் பர்னாந்து வீட்டு மானத்தை நானே சந்தியில் நிறுத்துவேனா? இது என் மருமகள் டயானாவுக்கு நடந்தது. நல்ல பகலில், திரேஸ்புரத்தில், எங்கள் வீட்டு முன்னறையில்.

கடலடியில் மூழ்கிச் சங்கு குளிப்பவர்களைக் கைப்பேசியில் அழைத்து, கேள்வி கேட்டு, பதிலைச் செயலியில் ஏற்றுவது அவள் வேலை. ஒருவரிடம் பேசி முடித்ததும், அதே தொழிலில் இருக்கும் இன்னொருவரின் எண்ணை அவரிடமே வாங்கிப் பதிய வேண்டும். பதியாவிட்டால் செயலி மூடாது.

அன்று பேசியவர் தன் பெயர் சிலுவை என்றார்.

"எங்களக் கணக்கெடுத்து என்ன செய்யப் போறீக? கருவாடு போடவா?"

டயானா சிரித்துவிட்டாள். "நாலு கேள்விதான் அண்ணாச்சி. எத்தன வருசமாக் குளிக்கிறீக?"

"ஒரு தடவதான் எறங்குனேன்."

"எவ்வளவு நேரம் தண்ணிக்குள்ள இருப்பீக?"

"இன்னும் ஏறலியே."

கேலி என்றே நினைத்தாள். ஆனால் அவர் பேச்சுக்கு நடுவே மூச்சு வாங்கும் சத்தம் இல்லை. களக்... களக்... என்று குமிழி உடைவது மட்டும் கேட்டது.

"கூட எத்தன பேரு?"

"நெறைய. ஒருத்தரும் பேச மாட்டாக."

அவள் அழைப்பைத் துண்டித்தாள். திரை அணைந்தது. குரல் நிற்கவில்லை.

"அடுத்த நம்பர் கேக்கலியே தாயி."

ஒவ்வொரு இலக்கமாகச் சொன்னார். அவளுக்கு மனப்பாடமான எண். அவள் கணவன், என் மகன் அமலனின் எண்.

அமலன் காலையிலேயே சங்கு குளிக்கக் கடலுக்குப் போயிருந்தான். அந்தத் தொலைவில் சிக்னல் கிடையாது.

"அவுக வேண்டாம் அண்ணாச்சி..."

"பக்கத்துலதான் நிக்கான். போடு."

திரை தானாக எரிந்தது. கட்டத்தில் இலக்கங்கள் ஒவ்வொன்றாக விழுந்தன.

அழித்தாள். மறுபடி விழுந்தன.

போனை அணைக்கப் பார்த்தாள்... அணையவில்லை.

கடைசி இலக்கத்துக்கு அவள் விரல் முந்தியது. ஏழுக்குப் பதில் எட்டு.

செயலி மூடிக்கொண்டது.

சாயங்காலம் அமலன் வந்தான்.

"கீழ எவனோ காலப் பிடிச்சான்ப்பா. பொறவு விட்டுட்டான்."



மறுநாள் டயானா அந்த எட்டில் முடியும் எண்ணை அழைத்தாள். தருவைகுளத்தில் ஒரு பெண் எடுத்தாள். அழுது ஓய்ந்த குரல்.

"எங்க வீட்டுக்காரர் நம்பர்தான். போன வீட்டுல வச்சிட்டுச் சங்கு குளிக்கப் போனாக. நேத்து மத்தியானத்துலேர்ந்து தேடுதாக..."

டயானாவின் விரல் அழைப்பைத் துண்டிக்கப் போனது.

"நீங்க யாரும்மா? ஒங்களுக்கு ஏதும் தெரியுமா?"