பட்டா எண் கேட்ட இடத்தில் வாய்க்காலின் பெயர்

காத்தாயி அக்கா போய்விட்டார் என்ற செய்தி வந்தபோது, நான் கொள்முதல் நிலையத்தில் என் நெல்லின் மேல் போட்டிருந்த தார்ப்பாயை விலக்கிக்கொண்டிருந்தேன். அவருடைய மகள்தான் போன் செய்தார். பள்ளிக்கூட ஆசிரியை, அழும்போதும் நிதானம் தவறாதவர். "அம்மா போயிட்டாங்க பாய். நெல்லை எடை போட்டுட்டு வாங்க. பாதியில விட்டுட்டு வந்தா அதுக்கும் திட்டுவாங்க" என்றார். சொன்னபடியே செய்தேன். எடை முடிந்த பிறகுதான் கிளம்பினேன்.

நம் விவசாயிகள் சங்கத்தில் பழைய ஆட்களுக்கு அவரை நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. ஆனால் அவர் எப்படி உறுப்பினரானார் என்பது புதிதாக வந்தவர்களுக்குத் தெரியாது. தெரிந்த சிலருக்கும் வசதியாக மறந்துவிட்டது. முக்கியமாக அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

நானும் அவரும் ஒரே நாளில்தான் சங்க அலுவலகத்தின் படி ஏறினோம். நான் துபாயிலிருந்து திரும்பி வந்து, சம்பாதித்ததில் கொஞ்சம் நஞ்சை வாங்கியிருந்தேன். நாகூரில் துணிக்கடை வைத்திருந்த குடும்பம் எங்களுடையது. நாற்றுக்கும் களைக்கும் எனக்கு வித்தியாசம் தெரியாது. அவரோ அடுத்தவர் வயலில் கூலிக்கு நட்ட குடும்பத்தில் பிறந்து, வெளியூர்க்காரர் ஒருவரின் நிலத்தை வாய்ப்பேச்சில் குத்தகைக்கு எடுத்து, பல வருஷமாக நெல் விளைவித்துக்கொண்டிருந்தவர்.

விண்ணப்பத்தில் பட்டா எண் என்று ஒரு கட்டம் இருந்தது. என்னிடம் பட்டா நகல் இருந்தது. டீ ஆறுவதற்குள் என் தோளில் சங்கத்தின் பச்சைத் துண்டு ஏறிவிட்டது. அக்கா அந்தக் கட்டத்தில் 'நொச்சி வாய்க்கால், கடைசி மதகு' என்று எழுதியிருந்தார். அப்போதைய தலைவர் நல்ல மனிதர்தான், ஆனால் விதியைக் கட்டிக்கொண்டு அழுகிறவர். நிலம் யார் பேரில் இருக்கிறதோ அவர்தான் உறுப்பினராக முடியும் என்று காகிதத்தை அக்கா பக்கம் தள்ளினார்.

அக்கா அதைத் தொடவில்லை. என்னைக் காட்டி, "இந்தத் தம்பிகிட்ட கேளுங்க, அவரு வயலுக்கு எந்த வாய்க்காத் தண்ணி வருதுன்னு" என்றார்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். எனக்குத் தெரியவில்லை. ஒருவர் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை. "ஒங்களுக்கும் நொச்சி வாய்க்காதான் தம்பி. நீங்க பாய்ச்சின மிச்சம்தான் எனக்கு வருது" என்று சொல்லிவிட்டுப் படி இறங்கிப் போய்விட்டார். மேசையில் கிடந்த அவருடைய விண்ணப்பத்தை நான் எடுத்து வைத்துக்கொண்டேன். ஏன் என்று அன்றைக்குச் சொல்லத் தெரியவில்லை. வெட்கம்தான்.

உறுப்பினர் இல்லை என்று சொன்னதால் அவர் வராமல் இருந்துவிடவில்லை. ஒவ்வொரு கூட்டத்துக்கும் முதல் ஆளாக வந்தார். துண்டு தரமாட்டோம் என்றதும் பழைய பச்சைச் சேலை ஒன்றைக் கிழித்து, ஓரம் தைத்துத் தோளில் போட்டுக்கொண்டார். துண்டில் என்ன பூப்போட்ட கரை என்று கேலி செய்தவர்களிடம், உங்களுடையது கடையில் வாங்கியது, இது நான் நடவுக்குக் கட்டியது என்றார். ஒருமுறை நான் என் மதகைத் திறந்தபடியே விட்டுவிட்டு நாகூர் போய்விட்டேன். கீழே அவருடைய நாற்றங்கால் காய்ந்தது. பஸ் ஏறி எங்கள் துணிக்கடைக்கே வந்துவிட்டார். வாடிக்கையாளர்கள் முன்னால் என்னைத் திட்டித் தீர்த்துவிட்டு, என் மனைவி கொடுத்த டீயையும் குடித்துவிட்டுத்தான் போனார்.

பிறகு, அறுவடை நேரத்து மழையில் பயிரெல்லாம் சாய்ந்த வருஷம் வந்தது. நிவாரணம் கேட்டுத் தாலுகா ஆபீஸ் வாசலில் உட்கார்ந்தோம். குத்தகைக்காரனிடமும் பட்டா கேட்பது என்ன நியாயம் என்று தொண்டை கிழியக் கத்தினோம். அதிகாரி வெளியே வந்தார். தலைவர் மனுவை நீட்டினார். நடுவில் அக்காவின் கை வந்து அதை வாங்கிக்கொண்டது. அதிலிருந்த பாதிக்கப்பட்டவர்கள் பட்டியலில் சங்க உறுப்பினர்கள் பெயர் மட்டுமே இருந்தது.

"காயிதம் கேக்குறாங்கன்னு அவங்களத் திட்டுறீங்க. நம்ம சங்கமும் அதையேதானே கேக்குது? மழை பட்டா பாத்தா பேஞ்சுது? எங்க பேரையும் எழுதிட்டுக் குடுங்க."

அதிகாரி போகிற வழியை மறித்து, மனுவை மடியில் வைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்துவிட்டார். எழுந்திருக்கச் சொன்ன பெண் போலீஸுக்கும் பக்கத்தில் இடம் ஒதுக்கிக் கொடுத்தார். கடைசியில் தலைவரே அவருக்குக் கீழ்ப் படியில் உட்கார்ந்து, பேனாவை எடுத்து ஒவ்வொரு குத்தகைக்காரர் பெயராகக் கேட்டு எழுதினார். அந்தத் தலைவரை நான் இன்றும் மதிப்பது அதற்காகத்தான்.

அடுத்த பொதுக்குழுவில் விதியை மாற்றும் தீர்மானத்தை நான் கொண்டுவந்தேன். சிலர் துண்டை மேசையில் எறிந்துவிட்டுப் போனார்கள். போகட்டும். தீர்மானம் நிறைவேறியது. புது விண்ணப்பம் நீட்டியபோது அக்கா வாங்க மறுத்தார். "அன்னைக்கு எழுதுனதுல என்ன தப்பு?" என்று கேட்டார். நான் வீட்டுக்கு ஓடிப்போய்ப் பெட்டியிலிருந்து அந்தப் பழைய காகிதத்தை எடுத்து வந்தேன். அதில்தான் அவர் உறுப்பினரானார்.

அவர் உடல்மேல் இப்போதைய தலைவர் சங்கத் துண்டைப் போர்த்தினார். அதன்மேல் மகள் அந்தச் சேலைத் துண்டைப் போட்டார். அவர் வீட்டு வாசலிலேயே இரண்டு பேர், வருகிற பொதுக்குழுவில் பட்டா விதியைத் திரும்பக் கொண்டுவருவது பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். கண்டவர்களும் சேர்ந்து சங்கம் கெட்டுவிட்டதாம். பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு கேட்டேன். சாவு வீட்டில் சண்டை வேண்டாம் என்று வாய் திறக்கவில்லை. இங்கே திறக்கிறேன்.

அக்காவின் விண்ணப்பம் என்னிடம்தான் இருக்கிறது. பொதுக்குழுவுக்கு என் பட்டாவை வீட்டில் வைத்துவிட்டு, அந்தக் காகிதத்தோடு வருவேன். தீர்மானம் கொண்டுவருகிறவர்கள் கொண்டுவரலாம். அவர்கள் எழுந்ததும், அவரவர் வயலுக்கு எந்த வாய்க்கால் தண்ணீர் வருகிறது, தனக்குக் கீழே யாருடைய பயிர் நிற்கிறது என்று கேட்பேன். எனக்கு இப்போது தெரியும்.