டிவி சொல்லிக் கொடுத்த குல்லா

பாச்சை உருண்டை வாசனையடித்த பச்சை உல்லன் நூலை என் இரண்டு மணிக்கட்டிலும் மாட்டி, சித்தி உருண்டையாகச் சுற்றும்போது ஏற்பட்ட அரிப்பு இன்னும் தோலில் இருக்கிறது. சித்தப்பாவை மணந்து ஒடுகத்தூரிலிருந்து எங்கள் ஜவ்வாது மலை ஊருக்கு வந்தவர் அவர். பள்ளித் தையல் வகுப்பில் கற்ற "குரோஷா"வை, ஒற்றைக் கொக்கி ஊசியால் நூலை இழுத்து இழுத்துப் பின்னும் அந்த வேலையை, எங்கள் ஊரில் அதற்குமுன் யாரும் நேரில் கண்டதில்லை.

கண்டதெல்லாம் டிவியில்தான். பஞ்சாயத்து அறையிலிருந்த ஒரே பெட்டியில் வாராவாரம் வெள்ளைக்காரன் காலத்து ஜமீன் கதையொன்று ஓடியது. ஒருநாள் ஜமீன்தாரின் மனைவி இரண்டு நீள ஊசிகளை உரசியபடி வெட்கத்தோடு தலைகுனிந்தாள்; மடியில் பாதி பின்னிய குட்டிக் காலுறை. "முழுகாம இருக்கா" என்று அறையே சொன்னது. அதிலிருந்து, பெண்ணொருத்தி நூல் பின்னினால் எங்கள் ஊருக்கு ஒரே பொருள்தான்.

மார்கழிக் குளிரில், மணமாகி மூன்று வருடமாகியும் குழந்தையில்லாத சித்தி, உள்ளங்கையளவில் ஒரு பச்சை வட்டம் பின்னிக்கொண்டிருந்தார். ஒன்பது வயதில் எனக்கு வேறென்ன தோன்றும்? அம்மாவிடம் ஓடினேன். மாலைக்குள் செய்தி குழாயடியைத் தாண்டிவிட்டது. யாரோ புளியங்காய்கூடக் கொண்டுவந்தார்கள். சித்தப்பாவே, "எங்கிட்ட ஏன் மறைச்ச?" என்று கேட்டார்.

"அதெல்லாம் ஒண்ணுமில்லக்கா," என்றார் சித்தி அம்மாவிடம்.

"அப்புறம் இன்னாத்துக்கு இவ்ளோ சின்னதா பின்ற?"

"குல்லாவ உச்சியிலர்ந்து ஆரம்பிக்கணும்க்கா. போகப்போகதான் பெருசாவும். அவருக்குதான் பின்றேன்."

யாரும் நம்பவில்லை. குல்லா வளர்ந்து சித்தப்பாவின் காதுகளை மூடிய பிறகும் சந்தேகம் தீரவில்லை, திசைதான் மாறியது. கரு கலைந்திருக்கும், அதை மறைக்கத்தான் பெரிதாகப் பின்னிவிட்டாள் என்றார்கள். "டிவில வர்றவள நம்புறீங்க, எதுர்ல நின்னு சொல்றவள நம்ப மாட்றீங்களேக்கா" என்று சித்தி அழுததைக் கதவுக்குப் பின்னாலிருந்து கேட்டேன். வெளியே வரத் துணிவில்லை.

இரண்டு வருடம் கழித்து அவர் உண்மையிலேயே கருவுற்றபோது ஊசியைத் தொடவேயில்லை. தம்பியின் குல்லாவை ஒடுகத்தூர்க் கடையில்தான் வாங்கினார்கள்.

பழைய காலத் தொடர்களில் எவளாவது பின்னத் தொடங்கினால் இன்றும் கதையை விட்டுக் கையைத்தான் பார்க்கிறேன். நூல் விரலைச் சுற்றியிருக்காது. ஐந்து வாரமாகியும் பின்னல் ஓரங்குலம் ஏறியிருக்காது. மகாராணியின் கையில் பிளாஸ்டிக் ஊசி மினுக்கும். கொக்கியால் பின்னிய மேசைவிரிப்பை இரட்டை ஊசியில் முடித்ததாகக் காட்டுவார்கள். விரல்களை அருகில் காட்டும்போது மோதிரம் காணாமற்போயிருக்கும். அது வேறு யாருடைய கையோ.

பஞ்சாயத்து அறை இப்போது பூட்டிக் கிடக்கிறது. ஊரே ஒரு பெட்டிமுன் உட்கார்ந்து ஒரே பொய்யை நம்பிய காலம் போய், ஆளுக்கொரு போன் வந்துவிட்டது. போன பொங்கலுக்குப் போயிருந்தபோது, சித்தி போனில் தொடர் பார்த்துக்கொண்டிருக்கையில் சொல்லிவிட்டேன்.

"அன்னிக்கு அம்மாகிட்ட முதல்ல சொன்னது நான்தான் சித்தி."

"தெரியும்டி. வேற யாரு அங்க இருந்தா?"

"அப்ப ஏன் என்னைத் திட்டல?"

அவர் போனைக் கவிழ்த்து வைத்தார்.

"நீ கொழந்த. நம்புனவங்கதான் பெரியவங்க."