பொட்டு வைத்த லைசென்ஸ்

எங்கள் வீட்டில் ஒரு துப்பாக்கி இருக்கிறது. இதைச் சொன்னதும் கேட்கிறவர்களின் முகம் மாறும். சிலர் சிரிப்பார்கள், சிலர் கொஞ்சம் தள்ளி உட்காருவார்கள். இருங்காட்டுக்கோட்டையில் வரிசையாகக் கட்டி வாடகைக்கு விட்டிருக்கும் அறைகளில் கடைசி எங்களுடையது. பீரோவில் என் புடவைகளுக்குப் பின்னால் ரெக்சின் உறைக்குள் அது நிற்கும். சாவி என் கணவரின் அரைஞாணில்.

அவர் பட்டாளத்திலிருந்து வந்தவர். இப்போது ஏடிஎம்களுக்குப் பணம் கொண்டுபோகும் வண்டியில் கன்மேன். இந்த வேலைக்கு ஆளை மட்டும் எடுப்பதில்லை. சொந்தத் துப்பாக்கியும் அதற்கு லைசென்சும் இருந்தால்தான் ஆளுக்கு மரியாதை. வேலை முடிந்ததும் அதை வைத்துவிட்டு வர, அவரை வேலைக்கு எடுத்த செக்யூரிட்டி ஏஜென்சியில் இடம் கிடையாது. அதனால் தினமும் தோளில் மாட்டிக்கொண்டு பைக்கில் ஸ்ரீபெரும்புதூர் போவார், அப்படியே திரும்பி வருவார்.

கல்யாணமான புதிதில் அவர் எனக்குச் சொன்ன முதல் பாடம் இதுதான். துப்பாக்கியோடு ரோட்டில் போகிறவனின் சட்டைப் பையில் லைசென்ஸ் புத்தகம் இருந்தால் அவன் கன்மேன், இல்லாவிட்டால் ரவுடி. மூன்றாவதாக ஒன்று கிடையாது. அந்தப் புத்தகம் எப்போதும் யூனிபார்ம் சட்டையின் இடது பையில்தான் இருக்கும். துவைக்கும்போது எடுத்து டிவி மேல் வைப்பேன். சட்டை காய்ந்ததும் திரும்பப் பைக்குள் போய்விடும். வாசலில் செருப்பு மாட்டும்போது பையை ஒரு தட்டு தட்டிப் பார்த்துவிட்டுத்தான் இறங்குவார்.

நான் கார்களுக்கு வயர் கட்டும் கம்பெனியில் கடைசி செக்கிங்கில் நிற்கிறேன். ஒரு கிளிப் இல்லையென்றாலும் லைனை நிறுத்துகிற ஆள். எது இருக்கிறது என்பதைவிட எது இல்லை என்று பார்க்கிற கண் எனக்கு. ஆனால் வீட்டுக்காரரின் பையைச் சரிபார்க்கும் உரிமை மட்டும் எனக்குக் கிடையாது. பட்டாளத்துக்காரரை நீ செக் பண்ணுவியா என்று கேட்டு வாயை அடைத்துவிடுவார். நானும் எக்கேடோ கெட்டுப் போங்கள் என்று விட்டுவிட்டேன்.

அந்த வருஷம் ஆயுத பூஜைக்கு முந்தின வாரம் எங்கள் பக்கத்தில் ஒரு கொலை நடந்தது. கம்பெனி ஸ்கிராப்பை யார் எடுப்பது என்ற தகராறு. பட்டப்பகலில் ரெண்டு பேர் பைக்கில் வந்து நாட்டுத் துப்பாக்கியால் சுட்டுவிட்டுப் போனார்கள். பிடிபடவில்லை. அதற்குப் பிறகு ஊரே ஒரு மாதிரி ஆகிவிட்டது. முக்குக்கு முக்கு போலீஸ். ஷிப்ட் முடிந்து வருகிற பையன்களின் டிபன் பையைக்கூடத் திறந்து பார்த்தார்கள். கம்பெனி பஸ்சில் எப்போதும் தூங்கிக்கொண்டு வருகிற பெண்கள் விழித்தபடி வந்தார்கள்.

வாடகை வாங்கும் வீட்டு ஓனர் அம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"இன்னாம்மா, இந்த நேரத்துல அத்த மாட்டிகினு ரோட்ல போறாரு. நாலு நாளு லீவு போடச் சொல்லேன்."

நான் இதை என் கணவரிடம் சொன்னேன். பேப்பர் இருக்கிறவனுக்கு எதற்குப் பயம் என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பூஜையன்று எங்கள் கம்பெனியில் மெஷினுக்கெல்லாம் பொட்டு வைத்து, பொரி கடலை கொடுத்து, சீக்கிரம் அனுப்பிவிட்டார்கள். சாயங்காலம் வீட்டில் படைத்தோம். என் கத்தி, அரிவாள்மணை, அவருடைய பைக் சாவி, ஸ்பேனர் எல்லாம் வரிசையாக. தோட்டாவை எடுத்துவிட்டுத் துப்பாக்கியைப் பாயில் கிடத்தி, கட்டைக்குச் சந்தனம் வைத்தார். மகளுடைய பாடப் புத்தகங்களைச் சாமி படத்துக்கு முன்னால் அடுக்கினோம். அப்போதுதான் அவர் சட்டைப் பையிலிருந்து லைசென்ஸை எடுத்தார்.

"அது எதுக்குங்க? அது இன்னா படிக்கிற புக்கா?" என்றேன்.

"இதுவும் புஸ்தகம்தான். மத்த எல்லாத்தையும்விட இதாலதான் சோறு."

அட்டைக்கு மேல் பிளாஸ்டிக் உறை. சந்தனம் ஒட்டவில்லை, வழுக்கிக்கொண்டு போனது. அவர் முதல் பக்கத்தைத் திறந்து உள்ளே ஒரு பொட்டு வைத்து மூடி, மகளின் புத்தகங்களுக்கு நடுவில் செருகினார். மேலே பூவைப் போட்டேன். கற்பூரம் காட்டினோம்.

மறுநாள் விஜயதசமி. மறுபூஜை செய்துதான் புத்தகத்தை எடுக்க வேண்டும். ஆனால் லீவு நாளில் ஏடிஎம்கள் காலியாகிவிட்டன, சீக்கிரம் வா என்று அவருக்குக் காலையிலேயே போன் வந்துவிட்டது. பரபரவென்று குளித்தார். பாயிலிருந்து துப்பாக்கியை எடுத்து உறைக்குள் போட்டார். வண்டியில் கூட வருகிறவர்களுக்குக் கொடுக்க விபூதி குங்குமத்தை ஒரு காகிதத்தில் மடித்துப் பையில் வைத்தார். வாசலில் வழக்கம்போலப் பையைத் தட்டினார். உள்ளே ஏதோ இருந்தது. கிளம்பிவிட்டார்.

நான் பொங்கல் வைத்து, மறுபூஜை முடித்து, புத்தகங்களை எடுக்கச் சொன்னேன். மகள் ஒவ்வொன்றாகத் தட்டிப் பூவை உதிர்த்தாள்.

"அம்மா, அப்பா புக்கு இங்கயே கீது."

அவருக்குப் போன் போட்டேன். முழுக்க அடித்து நின்றது. பைக்கில் போகும்போது எடுக்க மாட்டார். திரும்பப் போட்டேன், திரும்பவும் அப்படித்தான். ஏஜென்சி நம்பரை யாரும் எடுக்கவில்லை. மகளைப் பக்கத்து அறையில் விட்டுவிட்டு, புத்தகத்தை ஜாக்கெட்டுக்குள் செருகிக்கொண்டு, மெயின் ரோட்டுக்கு ஓடிப்போய் ஷேர் ஆட்டோ பிடித்தேன். கோபம் கோபமாக வந்தது. சாமிக்குப் படைக்கிறாராம் சாமிக்கு, ஆள் உள்ளே போனால் சாமியா ஜாமீன் கொடுக்கும் என்று வாய்க்குள் திட்டிக்கொண்டே போனேன். அவரைத் திட்டுகிற வரைக்கும் பயம் கொஞ்சம் அடங்கியிருந்தது.

ரோடெல்லாம் திருஷ்டி பூசணிக்காய். ஒவ்வொரு கம்பெனி கேட்டுக்கு முன்னாலும், ஒவ்வொரு லாரி செட்டுக்கு முன்னாலும் உடைத்துப் போட்டிருந்தார்கள். குங்குமம் கரைந்து தார் ரோட்டில் சிவப்பாக ஓடிக் காய்ந்திருந்தது. ஆட்டோ ஒவ்வொன்றையும் சுற்றி வளைந்து வளைந்து போனது. வருஷா வருஷம் பார்ப்பதுதான், ஆனால் அன்றைக்குப் பார்க்கப் பிடிக்கவில்லை. குனிந்து புத்தகத்தை எடுத்துத் திறந்தேன்.

முதல் பக்கத்தில்தான் அவர் போட்டோ ஒட்டியிருந்தது. எதிர்ப் பக்கத்தில் அவர் வைத்த பொட்டு, ஈரத்தோடு மூடியதில் போட்டோ மேல் ஒட்டியிருந்தது. சந்தனமும் நடுவில் குங்குமமும். சரியாக நெற்றியில்.

எங்கள் வீட்டுச் சுவரில் அப்படி ஒரு போட்டோ இருக்கிறது, என் மாமனாருடையது. செத்தவர்களின் படத்துக்குத்தான் அப்படி வைப்போம். முந்தானையால் துடைத்தேன். சந்தனம் உதிர்ந்தது, குங்குமம் போகவில்லை. தேய்க்கத் தேய்க்க நெற்றி முழுக்கப் பரவியது. எனக்கு அழுகை வந்துவிட்டது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு அம்மா என்ன என்று கேட்டார். நான் புத்தகத்தை மூடிக்கொண்டேன்.

பென்னலூர் தாண்டுவதற்குள் ஆட்டோ ஊர ஆரம்பித்தது. முன்னால் தடுப்புகள், ஒரு ஜீப். ஓரத்தில் அவருடைய பைக் சாய்ந்து கிடந்தது. அவர் மண்ணில் முட்டி போட்டிருந்தார். ரெண்டு கையும் தலைக்கு மேல். துப்பாக்கி ஜீப்பின் பானெட்டில். சட்டையில் இடது பக்கம், நெஞ்சுக்கு நேராக, சிவப்பாக நனைந்திருந்தது.

நான் ஆட்டோவை நிறுத்தச் சொன்னேன். இங்கே வேண்டாம், தள்ளிப்போய் நிறுத்துகிறேன் என்று டிரைவர் இழுத்தார். ஓடிக்கொண்டிருக்கும்போதே இறங்கினேன். கிட்டே போகும்போது அவர் தலை அசைந்தது. என்னைப் பார்த்தார். உயிர் இருக்கிறது என்று அப்போதுதான் மூச்சு விட்டேன்.

"அங்கயே நில்லு."

சொன்னவர் ஒரு சின்ன வயசுப் போலீஸ்காரர். கையில் பிஸ்டல், தரையைப் பார்த்தபடி. அந்தக் கை நடுங்கிக்கொண்டிருந்தது. என்னைப் பயமுறுத்தியது அந்த நடுக்கம்தான். நான் நின்ற இடத்திலேயே புத்தகத்தைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்து, லைசென்ஸ் சார், லைசென்ஸ் சார் என்றேன். ஒரு பெண் காவலர் வந்து வாங்கிக்கொண்டு போனார்.

எஸ்ஐ புத்தகத்தைத் திறந்தார். போட்டோவைப் பார்த்தார், அவரைப் பார்த்தார், திரும்பப் போட்டோவைப் பார்த்தார்.

"யாருயா இதுக்குப் பொட்டு வச்சது?"

"நான்தான் சார். ஆயுத பூஜைக்கு," என்றார் அவர், முட்டி போட்டபடியே.

"உயிரோட கீறவனுக்கு எவனாச்சும் பொட்டு வப்பானா?"

யாரும் சிரிக்கவில்லை. எஸ்ஐ தள்ளிப்போய்ப் போனில் யாருக்கோ லைசென்ஸ் நம்பரைப் படித்தார். துப்பாக்கியைத் திருப்பி அதில் இருந்த நம்பரையும் படித்தார். ஏஜென்சியிலிருந்து ஒருத்தர் வந்து இவர் எங்கள் ஆள்தான் என்று சொல்லும்வரை அவரை எழுந்திருக்க விடவில்லை. லாரிகள் எல்லாம் எங்கள் பக்கம் திரும்பிப் பார்த்துக்கொண்டே போயின. கடைசியில் எஸ்ஐ புத்தகத்தை அவரிடம் கொடுக்காமல் என்னிடம் கொடுத்தார். இனிமேல் நீயே பார்த்து அனுப்பு என்றார்.

அன்றைக்கு அவர் வேலைக்குப் போகவில்லை. வீட்டுக்கு வந்ததும் சட்டையைக் கழற்றித் தண்ணீரில் போட்டேன். பக்கெட் முழுக்கச் சிவந்தது. போலீஸ் அவரைக் கீழே தள்ளியபோது பையில் இருந்த குங்குமப் பொட்டலம் உடைந்து வியர்வையில் ஊறியிருக்கிறது. நான் திட்டுவதற்கு எல்லாம் தயாராக வைத்திருந்தேன். அவர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்த விதத்தைப் பார்த்ததும் திட்ட முடியவில்லை. அவராகவே பேசினார்.

"நிறுத்தினாங்க. லைசென்ஸ் இன்னாச்சுன்னு கேட்டாங்க. பழக்கத்துல கை தானா பாக்கெட்டுக்குப் போச்சு. உள்ள புக்கு இல்ல, பொட்டலம்தான். கைய எடுக்காம தேடிகினே இருந்தேன். அந்தப் பையன் பிஸ்டல எடுத்துட்டான். நான் இன்னொரு துப்பாக்கிய எடுக்கறேன்னு நினைச்சுட்டான். இன்னொரு நிமிஷம் தேடியிருந்தா..."

ஆட்டோவிலிருந்து நான் பார்த்த சிவப்பு என் கண் முன்னால் வந்து நின்றது. அவரைப் பிடித்துக்கொண்டு அழுதேன். மகள் பார்த்துக்கொண்டிருந்தாள் என்பதெல்லாம் ஞாபகத்தில் இல்லை.

போட்டோவை மாற்றிவிடலாம் என்றேன். லைசென்ஸில் கை வைத்தால் அதற்கு ஆபீஸ் ஆபீஸாக அலைய வேண்டும் என்றார். இன்றைக்கும் அந்தப் புத்தகத்தில் நெற்றி சிவந்தபடிதான் இருக்கிறார்.

விஜயதசமிக்கு அடுத்த நாள் காலையில் நானே அதை அவர் சட்டைப் பையில் வைத்தேன். அவர் தடுக்கவில்லை.

"நிறுத்தினா கைய உள்ள வுடாதீங்க," என்றேன். "ரெண்டு கையும் மேல தூக்குங்க. புக்க அவங்களே எடுத்துக்கட்டும்."

"பட்டாளத்துல சரண்டர் ஆவறவன்தான் அப்படித் தூக்குவான்."

"ஆவுங்க," என்று சொல்லிப் பையின் பித்தானைப் போட்டுவிட்டேன்.