கடா குடித்த கள்

யுத்தம் தொடங்குவதற்குச் சில வருடங்களுக்கு முன்பு, எனக்குக் கலியாணமான புதிதில், நானும் என் கணவரும் வாவியின் கிழக்குப் பக்கமான எழுவான்கரையில் ஒரு தென்னந்தோட்டத்தில் குடியிருந்தோம். தோட்டத்தைப் பார்த்துக்கொள்வது அவர் வேலை. ஒரு பகுதி மரங்களில் கள் இறக்கினார்கள். கள் இறக்குகிறவர் அடுத்த வளவில்தான் இருந்தார். காலையில் கள்ளை வடித்து அனுப்பிய பிறகு, முட்டிகளின் அடியில் தங்கும் மண்டியை ஒரு பழைய மரத்தொட்டியில் கொட்டிவிடுவார்.

எங்களிடம் ஓர் எருமைக் கடா இருந்தது. அது எப்படியோ அந்தத் தொட்டியைக் கண்டுபிடித்துவிட்டது. முதல் நாள் தொட்டியை நக்கித் துடைத்துவிட்டு வீட்டுப் பக்கம் அது நடந்து வந்தது. வெறியேறினால் எங்கள் ஓலை வீடு மிஞ்சுமா என்று பயந்து படலையை இழுத்துச் சாத்தினேன். கடாவோ நேராகப் பூவரச மரத்தடிக்குப் போய், முன்னங்கால்களை மடித்து, நீளமாக ஒரு மூச்சு விட்டுப் படுத்துக்கொண்டது. கோழிகள் முதுகில் ஏறி உண்ணி பொறுக்கின. அது கண்ணைக்கூடத் திறக்கவில்லை.

பிறகு அது தினசரி வழக்கமாகிவிட்டது. கடா குடித்துவிட்டு வந்து படுக்கும். நான் அதன் வயிற்றில் சாய்ந்துகொண்டு அரிசியில் கல் பொறுக்குவேன்.

அந்த மாரிக்கு முன், வாவிக்கு மேற்கே படுவான்கரையில், கொக்கட்டிச்சோலைக்கு அப்பால் வட்டை என்கிற பெரிய வயல்வெளியில் நிலம் வைத்திருந்த ஒரு போடியார், சேறு மிதிக்க எருமைகள் வேண்டுமென்று சொல்லியனுப்பினார். கடாவை நீந்தவிட்டு, தோணியில் நாங்கள் பக்கத்தில் போனோம். சேறு மிதிக்கும் எருமைகளோடு கணவர் நிற்க, வேலையாட்களுக்குச் சமைப்பதற்கு நான். தோணியில் ஒரு முட்டி கள்ளும் வந்தது.

"இது என்னத்துக்கு?" என்று கேட்டேன்.

"புது இடம் புள்ள. கடா மிரண்டு போகும். கொஞ்சம் குடுத்தா வீட்டில போல அமைதியா இரிக்கும்" என்றார் கணவர்.

எனக்கும் அது சரியாகவே பட்டது.

வயலில் முன்பின் அறியாத எருமைகள் கூட்டமாக நின்றன. ஆட்கள் கம்பைச் சுழற்றி, ஒரே குரலில் கத்தி அவற்றைச் சுற்றிச் சுற்றி ஓட்டினார்கள். சேறு தலைக்குமேல் தெறித்தது. கணவர் வரப்பில் வைத்துக் கடாவுக்குக் கள்ளைக் கொடுத்து, கூட்டத்துக்குள் விட்டார். நான் அடுப்பை ஊதிக்கொண்டிருந்தேன்.

சற்று நேரத்தில் கத்தல் வேறு மாதிரி ஆயிற்று. நிமிர்ந்தேன். எங்கள் கடா, எங்கள் சாதுவான கடா, கூட்டத்துக்கு முன்னால் போகும் போடியாரின் முன்னோடிக் கடாவை முட்டித் தள்ளி வரப்பில் சாய்த்துவிட்டு, கயிறு அறுந்து தொங்க, கண்ணில் பட்டவர்களையெல்லாம் விரட்டிக்கொண்டிருந்தது. ஒருவர் மரத்தில் ஏறிவிட்டார். என் கணவர் சேற்றில் விழுந்து எழுந்து ஓடினார். கடா வயல் வாடியின் கால் ஒன்றை முட்டியது. கூரை அப்படியே சரிந்தது. எல்லாரும் கம்போடு கூவிக்கொண்டு அதைச் சூழ்ந்தார்கள். அவர்கள் கூவக் கூவ அதன் வெறி ஏறியது.

போடியார் வாடிப் பக்கமிருந்து துவக்கோடு வந்தார். "தள்ளுங்க. ஆள் சாகிறதுக்கு முன்ன சுட்டுப் போடுறன்" என்றார்.

அந்த நேரத்தில் எனக்குள் ஏதோ பளிச்சென்றது. அதே மரத்துக் கள். அதே கடா. மாறியது இடம் மட்டும்தான். நான் ஓடிப்போய்ப் போடியாருக்கும் கடாவுக்கும் நடுவில் நின்றேன்.

"சுடாதீங்க ஐயா. எங்கட வீட்டிலயும் இது இந்தக் கள்ளத்தான் குடிக்கிற. அங்க ஒரு சத்தமும் இல்ல, வேற மாடும் இல்ல. படுத்துத் தூங்கும். ஆக்கள வாய மூடச் சொல்லுங்க. மத்த எருமையள அங்கால சாச்சிப் போகச் சொல்லுங்க."

போடியார் என்னைப் பார்த்தார், கடாவைப் பார்த்தார். என்ன நினைத்தாரோ, கையை உயர்த்தினார். "ஒருத்தரும் மூச்சு விடப்படாது. கம்பக் கீழ போடுங்க."

எருமைகளை மெதுவாக அடுத்த வயலுக்குச் சாய்த்து ஓட்டிச் சென்றார்கள். ஆட்கள் வரப்பில் குந்தினார்கள். வட்டையில் கொக்குகள் இறங்கும் சத்தம் மட்டும் கேட்டது. கடா நடு வயலில் நின்று மூசு மூசென்று மூச்சு வாங்கியது. யாராவது வருவார்களா என்று தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தது. யாரும் வரவில்லை. காதுகள் தொங்கின. பிறகு வாய்க்காலோரம் மருத மர நிழலுக்குத் தள்ளாடி நடந்து, முன்னங்கால்களை மடித்துப் படுத்தது.

மரத்தில் இருந்தவர்தான் முதலில் சிரித்தார். போடியார் துவக்கைத் தோளில் போட்டுக்கொண்டு, "என்ட முன்னோடி சண்டைக்காரன். அதுக்குக் குடுத்தா என்ன செய்யும் மகள்?" என்று கேட்டார்.

"தனிய விட்டுக் குடுத்துப் பாருங்க ஐயா."

மறுநாள் அவரே மிச்சக் கள்ளோடு முட்டியைத் தூக்கிக்கொண்டு போனார். ஆற்றங்கரையில், சத்தமில்லாத ஒரு சோலையில் முன்னோடியைக் கட்டிக் கள் கொடுத்தார். நாங்கள் பற்றைக்குப் பின்னால் வேலையாட்களோடு வாயைப் பொத்திக்கொண்டு ஒளிந்திருந்தோம். ஊரெல்லாம் பயந்த அந்தக் கடா நாடியைத் தரையில் வைத்துக் குறட்டை விட்டது. போடியார் சின்னப் பிள்ளை போலத் துள்ளி எங்களிடம் ஓடி வந்தார்.

திரும்பி வரும்போது தோணியில் என் வாய் ஓயவில்லை. ஆட்டுக்குக் கொடுத்தால் எப்படி இருக்கும், தனியாக நிற்கும் சேவலுக்கு எப்படி, இன்னொரு சேவலைக் கண்டால் எப்படி என்று எழுந்து நின்று கையை ஆட்டிக் கேட்டுக்கொண்டே வந்தேன். கணவர் மரக்கோலை ஊன்றுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"ஓம் புள்ள, சேவலுக்குக் குடுப்பம்" என்றார். "முதல்ல நீ கொஞ்சம் குந்து. தோணி கவிழப் போகுது."