சும்மா எலிகளின் வயிறு மின்னிய கதை

அந்த ஆராய்ச்சிக்கூடத்தின் விலங்கறையைப் பத்தொன்பது வருடமாகப் பார்த்துக்கொள்பவருக்கு ஒரு பெயர் இருக்கிறது. சம்பளப் பட்டியலைத் தாண்டி அது வெளியே வந்ததில்லை. எல்லோருக்கும் அவர் மோப்பம். கூண்டில் போடும் மரத்தூள், புது சோப்பு, மனைவி நீட்டும் காபி, எதுவானாலும் முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் கையில் வாங்குவார்.

"நான் என்ன விஷமா கலந்து வச்சிருக்கேன்?" என்பார் மனைவி.

"நீ கலக்கமாட்டே. உன் தம்பி வந்துட்டுப் போனானே."

அந்தத் தம்பிதான் அதே ஆராய்ச்சிக்கூடத்தில் ஸ்டோர் குமாஸ்தா. மச்சினன் அனுப்பும் எதுவும் உருப்படியாக இருக்காது என்பது மோப்பத்தின் ஆராய்ச்சி முடிவு. அந்தக் கட்டடத்தில் வெளியான பல முடிவுகளைவிட அதற்கு ஆதாரம் கூடுதல்.

விலங்கறையில் இரண்டு கூண்டுகள் புற்றுநோய் ஆராய்ச்சி செய்யும் டாக்டரம்மாவுடையவை. ஒரு கூண்டில் ஐந்து எலிகள். அவற்றின் தொடையில் புற்றுநோய் செல்களை ஏற்றியிருந்தார். அந்த செல்கள் ஒளிரும் புரதம் ஒன்றைத் தாமே தயாரிக்கும். எலியை மயக்கி, இருட்டுப் பெட்டிக்குள் படுக்கவைத்து, அதற்கென்று உள்ள வெளிச்சத்தைப் பாய்ச்சினால் புரதம் அடர்சிவப்பாகத் திருப்பி ஒளிரும். சிவப்பு ஒளி சதையைத் தாண்டி வெளியே வரும் என்பதால், எலியை அறுக்காமலே கட்டி எங்கே வளர்கிறது என்று கேமராவில் பார்த்துவிடலாம். இரண்டாவது கூண்டில் எதுவும் ஏற்றாத ஐந்து எலிகள். ஒப்பிட்டுப் பார்க்க மட்டும். மோப்பம் அவற்றுக்கு வைத்த பெயர் சும்மா எலிகள்.

முதல் கூண்டைப் படமெடுத்தபோது தொடை மின்னியது. வயிறும் மின்னியது. நோய் வயிற்றுக்குப் பரவிவிட்டது, அதை உயிருள்ள எலியிலேயே பார்த்துவிட்டோம் என்று டாக்டரம்மா இயக்குநரிடம் போய்ச் சொன்னார். கைகுலுக்கல்கள் நடந்தன. அப்புறம்தான், சம்பிரதாயத்துக்கு, சும்மா எலிகளையும் பெட்டிக்குள் வைத்தார். ஐந்தின் வயிறும் மின்னியது.

பக்கத்து அடுக்கில் வேறொரு ஆராய்ச்சிக்காக, குடல் மட்டும் ஒளிரும்படி பிறந்த எலிகள் இருந்தன. டாக்டரம்மா கணக்குப் போட்டுவிட்டார்.

"தண்ணி பாட்டில் ஒழுகிக் கூண்டு நனைஞ்சிருக்கும். என் எலி குளிர்ல செத்திருக்கும். மறைக்கிறதுக்குப் பக்கத்து அடுக்குல இருந்து அஞ்சை எடுத்துப் போட்டுட்டீங்க. அப்படித்தானே?"

"அம்மா, பத்தொன்பது வருஷத்துல ஒரு கூண்டு மாறினதில்ல."

"மாறினது யாருக்கும் தெரிஞ்சதில்லன்னு சொல்லுங்க."

ஊரையே சந்தேகப்பட்டுப் பழகிய மனிதருக்கு, சந்தேகத்துக்கு ஆளாவது எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. திங்கட்கிழமை விசாரணை. மாற்றினார் என்று முடிவானால் வாகனக் கொட்டகைக்கு மாற்றிவிடுவார்கள். அங்கே முகர்வதற்கு டீசல் மட்டும்தான்.

வெள்ளிக்கிழமை சாட்சிக்கு அவரையும் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு சும்மா எலிகளை மறுபடியும் படமெடுத்தார்கள். மோப்பம் திரையில் மூக்கு இடிக்கும் அளவுக்குக் குனிந்தார்.

"அம்மா, வயித்துக்குள்ள மின்னுது, சரி. எலிக்கு வெளிய, வால் பக்கம் ஒரு புள்ளி மின்னுதே, அது என்ன?"

டாக்டரம்மா பெட்டியைத் திறந்தார். மோப்பத்துக்குத் திறக்கவே வேண்டியிருக்கவில்லை. பத்தொன்பது வருடமாகக் கூட்டித் தள்ளுகிற பொருள். எலிப் புழுக்கை.

"அப்ப இது தின்ன தீனியோட வெளிச்சம் அம்மா."

"இருக்காது. இலைப் பச்சை இந்த வெளிச்சத்துல சிவப்பா மின்னும்னு தெரிஞ்சுதான் இலை சேராத தீனி கேட்டு ஸ்டோருக்கு எழுதினேன். அஞ்சு வாரமா அதைத்தான் தின்னுது."

மோப்பத்துக்குப் பொறி தட்டியது. ஐந்து வாரத்துக்கு முன்னால் ஸ்டோரிலிருந்து ஒரு மூட்டை வந்திருந்தது. வெளுத்துப்போன உருண்டைகள். முகர்ந்தால் ஒரு வாசனையும் இல்லை. மச்சினன் ஏதோ மட்டமான சரக்கைத் தள்ளிவிடப் பார்க்கிறான் என்று திருப்பி அனுப்பிவிட்டு, குதிரைமசால் தழை அரைத்துச் சேர்த்த வழக்கமான பச்சைத் தீனியையே தொடர்ந்து போட்டுவந்தார்.

நேரே ஸ்டோருக்குப் போனார்.

"மாப்ளே, அந்த வெளுத்த மூட்டை டாக்டரம்மா கேட்டதுன்னு ஏன்டா சொல்லல?"

"சொன்னேன் மாமா. நீங்க என்னைக்கு நான் சொன்னதை நம்பியிருக்கீங்க?"

மச்சினன் அக்கம்பக்கம் பார்த்துக் குரலைத் தாழ்த்தினான்.

"மூட்டை இன்னும் இங்கதான் கிடக்கு. கமுக்கமா எடுத்துட்டுப் போய்ப் போடுங்க. ஒரு வாரத்துல வயிறு எல்லாம் இருட்டாயிடும். மெஷின்ல கோளாறுன்னு அவங்களே முடிவு பண்ணிக்குவாங்க. யாருக்குத் தெரியப்போகுது?"

நல்ல யோசனைதான். வேறு யார் சொல்லியிருந்தாலும் மோப்பம் கேட்டிருக்கக்கூடும். சொன்னது மச்சினன். இவ்வளவு அக்கறை எங்கிருந்து வந்தது, இதில் என்ன உள்குத்து என்று மனது குடைந்தது. இரண்டு தீனியிலும் ஒவ்வோர் உருண்டையைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு டாக்டரம்மாவிடம் திரும்பினார். இதை நேர்மை என்று சொல்ல விரும்புகிறவர்கள் தாராளமாகச் சொல்லிக்கொள்ளலாம்.

"எலியை நான் மாத்தல அம்மா. தீனியைத்தான் மாத்திட்டேன். வாசனை வரலன்னு திருப்பி அனுப்பிட்டேன். இது ரெண்டையும் பெட்டிக்குள்ள வச்சுப் பாருங்க."

வைத்தார். பச்சை உருண்டை தணல் மாதிரி மின்னியது. வெளுத்தது இருந்த இடமே தெரியவில்லை.

டாக்டரம்மா முதல் கூண்டின் படத்தைத் திரையில் திரும்பக் கொண்டுவந்தார். கைகுலுக்கிய இயக்குநரிடம் அவர் மறுபடி போயாக வேண்டும்.

"தொடையில தெரியறது?"

"அது உங்களோடது அம்மா. வயிறுதான் என்னோடது."

திங்கட்கிழமை விசாரணையில் எலி மாற்றிய குற்றச்சாட்டு விழுந்தது. தீனியைத் திருப்பியதற்கு எழுத்தில் ஓர் எச்சரிக்கை. சும்மா எலிகளை முதலிலேயே படமெடுக்காதது தன் தவறு என்று டாக்டரம்மாவும் சொன்னார். அதை யாரும் எழுத்தில் எடுத்துக்கொள்ளவில்லை. மோப்பம் விலங்கறையிலேயே இருக்கிறார்.

இப்போதெல்லாம் புது மூட்டை பிரித்தால் டாக்டரம்மாவே ஓடி வந்துவிடுகிறார். ஒரு நாள் அப்படி வந்து ஓர் உருண்டையை எடுத்து மூக்கருகே கொண்டுபோய் ஆழமாக இழுத்தார்.

"ஒரு வாசனையும் இல்ல. சரியான மூட்டைதான்னு நினைக்கிறேன்."

மோப்பம் அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"அனுப்பினது என் மச்சினன் அம்மா. மோந்து பார்த்து நம்பாதீங்க. படம் எடுங்க."