அண்ணனின் கலவையும் என் பொறாமையும்

எங்கள் அண்ணன் எங்களை விட்டுப் பிரிந்து ஓராண்டு ஆகிறது. அவருடைய பொறுமையைப் பற்றியும் உதவும் குணத்தைப் பற்றியும் உறவினர்கள் பலர் இந்த மலருக்கு எழுதித் தந்திருக்கிறார்கள். அத்தனையும் உண்மை. உடன்பிறந்த ஒரே தங்கையான நான் அவருடைய பைப் புகையிலையைப் பற்றி எழுத உட்கார்ந்திருக்கிறேன். நினைவு மலரில் எழுதுகிற விஷயமா இது என்று பெரியவர்கள் முகம் சுளிக்கலாம். ஆனால் அதை விட்டுவிட்டு அண்ணனைப் பற்றி எழுத எனக்குத் தெரியவில்லை. அந்தப் புகையிலையின் மேல் எனக்கு இருந்த வயிற்றெரிச்சலும் இன்னும் அடங்கியபாடில்லை.

அண்ணன் பிறந்தது அடி அண்ணாமலையில். அப்பா மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பயிரிட்டவர். அவர் திடீரென்று காலமானபோது அண்ணன் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தார், நான் பள்ளிக்கூடத்தில். படிப்பைப் பாதியில் நிறுத்திவிட்டு, டவுனில் ஒரு லாட்ஜில் வேலைக்குச் சேர்ந்தார். பின்னாளில் அங்கேயே மேனேஜர் ஆனார். பௌர்ணமி வந்தால் கிரிவலக் கூட்டத்தில் லாட்ஜ் நிரம்பி வழியும், அன்று அவரை வீட்டில் பார்க்க முடியாது. அம்மாவைக் கடைசிவரை பார்த்துக்கொண்டார், என்னைப் படிக்க வைத்தார், நல்ல இடத்தில் கட்டிக் கொடுத்தார். தனக்கென்று ஒரு கல்யாணம் மட்டும் செய்துகொள்ளவில்லை.

பைப் அவருக்கு வந்தது அந்த லாட்ஜில்தான். வருஷா வருஷம் வந்து மாதக்கணக்கில் தங்குகிற ஒரு வெள்ளைக்காரப் பெரியவர், ஊருக்குத் திரும்பும்போது ஒரு பைப்பையும் ஒரு டப்பா புகையிலையையும் கொடுத்துவிட்டுப் போனார். டப்பாவைத் திறந்தால் வெல்லப்பாகும் உலர்ந்த திராட்சையும் சேர்ந்த மாதிரி வாசனை. அது தீர்ந்துகொண்டே வந்தது. அடுத்த வருஷம் அவர் இன்னொரு டப்பாவோடு வரும்வரை இங்கே அந்தச் சரக்குக்கு எங்கே போவது? அண்ணன் கடைத்தெருவில் நல்ல சுருட்டாகப் பார்த்து வாங்கி, பிரித்து, இலையை நறுக்கி அதோடு கலந்தார். முதல் தடவை பாதிக்குப் பாதி கலந்துவிட்டார்.

பைப்பைப் பற்ற வைத்துக் கொஞ்ச நேரத்தில் தலை கிறுகிறுவென்று சுற்றியிருக்கிறது. லாட்ஜ் மாடிப்படியிலேயே கண்ணை மூடி அசையாமல் உட்கார்ந்துவிட்டார். அசைந்தால் வாந்தி வந்துவிடும் என்ற பயம். அந்த வழியாக வந்த வெளிநாட்டு விருந்தாளிகள், மேனேஜர் ஆழ்ந்த தியானத்தில் இருக்கிறார் என்று நினைத்து அவரைச் சுற்றி அமைதியாக உட்கார்ந்துகொண்டார்கள். ஒரு அம்மாள் காலைத் தொட்டுக் கும்பிட்டிருக்கிறார். அந்த நேரத்தில் எழுந்து ஓடவும் முடியாமல் அண்ணன் பட்ட பாடு, நம் ஊரைத் தவிர வேறு எங்கும் யாருக்கும் நேர்ந்திருக்காது.

இந்தக் கதையை அண்ணன் என்னிடம் சொல்லவில்லை. என் கணவரிடம் சொன்னார். அவர் எனக்குச் சொன்னார். என் வயிற்றெரிச்சலுக்குக் காரணம் இதுதான். அண்ணனைப் பற்றிய எல்லாமே எனக்கு என் கணவர் வழியாகத்தான் வந்து சேர்ந்தது.

எனக்கு மாப்பிள்ளை பார்த்தது அண்ணன்தான். எனக்காகப் பார்த்தாரா, தனக்குப் பேச்சுத்துணையாகப் பார்த்தாரா என்பதில் எனக்கு இன்றுவரை சந்தேகம் உண்டு. நாங்கள் வேங்கிக்காலில் வீடு கட்டியபோது, மாடியில் அண்ணனுக்கு ஒரு அறை கட்டினோம். லாட்ஜிலிருந்து வந்ததும் குளித்துவிட்டு, "மாப்ள, வரீங்களா?" என்று ஒரு குரல் கொடுப்பார். என் கணவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தாலும் பாதியில் எழுந்து ஓடுவார். அதன்பிறகு மாடியில் பைப்பை மாற்றி மாற்றிப் பிடித்தபடி சிரிப்பும் பேச்சும்தான். மாடி ஜன்னலும் என் சமையலறை ஜன்னலும் மேலும் கீழுமாக இருந்தன. பேச்சு எனக்குக் காதில் விழாது. புகை மட்டும் இறங்கி வரும்.

காபி கொண்டுபோகிற சாக்கில் நான் மேலே போனால் அண்ணன் பைப்பை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொள்வார். "நீ கீழ போ பாப்பா. இந்தப் புகை உனக்கு ஒத்துக்காது" என்பார். பேச்சும் அதோடு நின்றுவிடும். இருவரும் நல்ல பிள்ளைகள் மாதிரி காபி குடிப்பார்கள். நான் படியிறங்கியதும் மறுபடி சிரிப்பு. எத்தனை மாலைகள் பாத்திரத்தை நங்கென்று வைத்திருக்கிறேன் என்பது எனக்குத்தான் தெரியும்.

என் கணவரைத் துருவித் துருவிக் கேட்பேன். அவரும் பெருமையாகச் சொல்வார். இனிப்புப் புகையிலையை மட்டும் பிடித்தால் நாக்கு நுனி சுடும், இனிப்பும் வந்த வேகத்தில் போய்விடும். சுருட்டு இலை கொஞ்சம் சேர்ந்தால் புகை நிதானமாகும், கனமாகும். முதலில் மிளகு மாதிரி ஒரு காரம் மூக்கில் ஏறும், பிறகு பழைய தோல் பை, காய்ந்த வைக்கோல், ஒரு இதமான கசப்பு. அந்தக் கசப்புக்குப் பின்னால் இனிப்பு தேடிக்கொண்டு வரும். "பாயசத்தையே குடிச்சிட்டு இருக்க முடியுமா மாப்ள? நடுவுல ஒரு அப்பளம் வேணும் இல்ல?" என்பாராம் அண்ணன். இலையின் நடு நரம்பை உருவி எறிந்து, லேசாகத் தண்ணீர் தெளித்து, கத்தரியால் நூல் நூலாக நறுக்கி, புகையிலையோடு பிசறி, எவர்சில்வர் டப்பாவில் அழுத்தி மூடி வைப்பாராம். இரண்டும் ஒன்றோடொன்று பழகும்வரை டப்பாவைத் திறக்க மாட்டாராம். எங்கள் அண்ணனைப் பற்றி இத்தனை "ராம்" போட்டு நான் எழுத வேண்டியிருக்கிறது பாருங்கள்.

கீழே எனக்கு வந்தது புகை மட்டும்தான் என்றேன். சில நாட்கள் அது கோயில் பிரசாதம் மாதிரி மணக்கும். சில நாட்கள் மாட்டுக்கொட்டகையில் சாக்கைக் கொளுத்திய மாதிரி நாறும். அப்போது நான் ஜன்னல் வழியாகக் கத்துவேன்: "அண்ணா! வூடு பூரா நாத்தம்! தொவச்சி போட்ட துணியெல்லாம் நாறுது!" மறுநாள் நாற்றம் குறைந்திருக்கும். ஏதோ எனக்குப் பயந்துகொண்டு இன்னொரு ஜன்னலைத் திறந்து வைக்கிறார்கள் என்று நினைத்துக்கொள்வேன்.

பிறகு அண்ணனுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. புகையே கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொன்னார். அன்றோடு விட்டுவிட்டார். எங்களைச் சிரமப்படுத்தக் கூடாது என்று ஆஸ்பத்திரியில் முனகக்கூட மாட்டார். கஞ்சி ஊட்டியதும் துடைத்துவிட்டதும் நான்தான். அப்படியிருந்தும் கண் திறக்கும்போதெல்லாம், "மாப்ள வந்துட்டாரா?" என்றுதான் கேட்டார். ஒருநாள் பொறுக்க மாட்டாமல், "நான் இங்க இருக்கேன் இல்ல அண்ணா?" என்று கேட்டுவிட்டேன். "நீ இருக்க, அது எனக்குத் தெரியும்" என்றார். அதற்கு என்ன அர்த்தம் என்று அப்போது எனக்குப் புரியவில்லை, கோபம்தான் வந்தது. என் கணவர் டிபன் கேரியரில் அந்த எவர்சில்வர் டப்பாவை ஒளித்துக்கொண்டு வந்து திறந்து காட்டுவார். அண்ணன் முகர்ந்து பார்த்துச் சிரிப்பார். நான் வராந்தாவில் போய் நின்றுகொள்வேன். சில நாட்களில் அவர் தூக்கத்திலேயே போய்விட்டார்.

காரியத்தன்று படையல் போட்டோம். அவருக்குப் பிடித்த கத்தரிக்காய்க் குழம்பும் வடையும் வைத்தாயிற்று. எங்கள் வழக்கப்படி, போனவர் சுருட்டுப் பிடிப்பவர் என்றால் சுருட்டும் பற்ற வைத்து வைக்க வேண்டும். பைப் வைக்க வேண்டும் என்று முடிவானது. பழைய டப்பாவில் இருந்தது காய்ந்து மணம் போயிருந்ததால் என் கணவர் புதிதாகக் கலந்து கொண்டுவந்தார். அவரைத் தவிர யாருக்குத் தெரியும் என்று எல்லாருமே பேசிக்கொண்டார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவர் பற்ற வைத்து ஒரு இழுப்பு இழுத்ததும் வாசனை என் பக்கம் வந்தது.

"இது அண்ணனுது இல்ல" என்றேன்.

"அதேதான். நான்தான ருசி பாத்தேன்?" என்றார்.

"இலை ஜாஸ்தி. இப்பிடி இருந்தா நான் கத்தியிருப்பேன்."

அவர் பைப்பைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். கண் கலங்கியிருந்தது.

"உண்மைதான். ஒவ்வொரு வாட்டியும் புதுசா கலந்தா, மொதல்ல ஜன்னலத் தொறந்து வெச்சிட்டுத்தான் பத்த வெப்பாரு. நீ கத்தினா இலை ஜாஸ்தினு சொல்லிட்டு, திரும்பக் கலப்பாரு. பிடிக்கிற நமக்கு ருசிதான் தெரியும் மாப்ள, வாசனை அவளுக்குத்தான் தெரியும்னு சொல்வாரு. நீ சும்மா இருந்தாத்தான் டப்பாவ மூடுவாரு."

அத்தனை உறவுக்காரர்கள் நடுவில் நான் உடைந்து அழுதேன். அழுகைக்கு நடுவிலும், இதையும் இவரிடம்தானே சொன்னார், என்னிடம் சொல்லவில்லையே என்று ஒரு எரிச்சல் வந்தது உண்மை. பிறகு அவர் கலந்து வைத்திருந்த தட்டை இழுத்து வைத்து, இனிப்புப் புகையிலையைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து முகர்ந்து பார்த்து, சரியான இடத்தில் நிறுத்தினேன். பைப்பை இழுக்காமல் பற்ற வைக்க முடியாது. என் கணவர் அதில் புதுக் கலவையை நிரப்பி என்னிடமே நீட்டினார்.

"ஏன்டி, பொம்பள இதெல்லாம் வாயில வெக்கலாமா?" என்றார் அத்தை.

ஒரே ஒரு இழுப்பு. காரம், கசப்பு, இருமல், கண்ணில் தண்ணீர். இனிப்பு வருகிறதா என்று காத்திருந்தேன். கொஞ்சம் வந்தது. பைப்பை அண்ணன் படத்துக்கு முன்னால் வைத்துவிட்டு எழுந்தேன்.

அண்ணனின் கடைசி நாட்களில் இரவு பகல் பாராமல் துணை நின்ற ஆஸ்பத்திரி ஊழியர்களுக்கும், லாட்ஜ் நண்பர்களுக்கும், அடி அண்ணாமலை உறவினர்களுக்கும், காரியத்தில் பந்தி பரிமாறிய தம்பிமார்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. என் கணவருக்கும் நன்றி. அண்ணனுக்குப் பேச்சுத்துணை இல்லாத குறையே இல்லாமல் பார்த்துக்கொண்டார் அவர். அந்த மாலைகளை நினைத்தால் எனக்கு இன்றும் அவர்மேல் பொறாமைதான்.

இதைப் படிக்கிற உங்களில் பலரிடமும் அண்ணன் ஏதாவது பேசியிருப்பார், சிரித்திருப்பார். எனக்குத் தெரியாதது எது இருந்தாலும் வீட்டுக்கு வந்து சொல்லுங்கள். பொறாமையோடுதான் கேட்பேன். இருந்தாலும் சொல்லுங்கள்.