நெட் போகாத செமினார்

போஸ்ட்டாக் என்றால் என்னவென்று போர்ட் பிளேயரில் விளக்கிச் சொல்லிச் சொல்லியே எனக்கு வாய் வலித்துவிட்டது. டாக்டர் பட்டம் வாங்கியாகிவிட்டது, ஆனாலும் வேலை இல்லை. ஏதாவது ஒரு பல்கலைக்கழகம் இரண்டு வருடம் உதவித்தொகை கொடுத்து ஆராய்ச்சி செய்யச் சொல்லும். முடிந்ததும் பெட்டியைக் கட்டச் சொல்லும். கடலுக்கு அப்பால் மெயின்லாண்டில் இரண்டு ஊர்களில் அப்படிப் பெட்டி கட்டிவிட்டு போர்ட் பிளேயரில் லம்பா லைன் பகுதியில் இருக்கும் எங்கள் வீட்டுக்குத் திரும்பியிருந்தேன். அரசாங்க வேலைக்காரர்கள் நிறைந்த ஊர் இது. நான் எவ்வளவு விளக்கினாலும் கடைசியில் ஒரே கேள்விதான்: "பர்மனென்ட் ஆயிடுச்சா?" ஆகவில்லை, தாயே. ஆகவில்லை.

மூன்றாவதாக ஒன்றுக்கு விண்ணப்பித்திருந்தேன். அடுத்த வருடம் வயது வரம்பைத் தாண்டிவிடுவேன் என்பதால் அதுதான் கடைசி. அதுவும் போனால் புரோத்ராபூர் டியூஷன் சென்டரில் பிளஸ் டூ பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுப்பதே ஆயுளுக்கும் என் வேலை. கேவலமான வேலை ஒன்றும் இல்லை. எனக்கு வேண்டாம், அவ்வளவுதான்.

தேர்வுக் குழுவுக்கு ஆன்லைனில் ஒரு செமினார் கொடுக்க வேண்டும். ஹார்பரில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற அப்பா, மந்திரி வரும் கப்பலுக்குச் செய்வது போல ஏற்பாடு செய்தார். டிவியை அணைத்தார். அம்மாவைக் குக்கர் வைக்க விடவில்லை. பக்கத்து வீட்டு பெங்காலி அக்காவிடம் போய், "தீதி, ஆஜ் பேட்டி கா இன்டர்வியூ ஹை, மிக்ஸி மத் சலானா" என்று தன் இந்தியில், பொண்ணுக்கு இன்டர்வியூ என்பதால் மிக்ஸி போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். விமானம் இறங்கும் நேரத்தைக்கூட விசாரித்தார். அதை மட்டும் அவரால் நிறுத்த முடியவில்லை. நான் இயர்போனை மாட்டிக்கொண்டு கதவைச் சாத்தினேன்.

கணித செமினாரில் முதல் சில நிமிடம்தான் எல்லாரும் கேட்பார்கள். அப்புறம் ஒருவர் மெயில் பார்ப்பார், ஒருவர் கண்ணை மூடிக்கொள்வார். மற்றவர்கள் பேசும்போது நானும் அப்படித்தான். நல்லபடியாகப் பேசி முடித்தேன். குழுவில் கண்ணை மூடியிருந்த ஒரு கிழவர்தான் கேட்டார்: "இரண்டாவது லெம்மாவில் ஒரு லிமிட் எடுக்கிறீர்களே, அப்படி ஒரு லிமிட் இருக்கிறது என்று எங்கே நிரூபித்தீர்கள்?"

மனதுக்குள் என் பக்கங்களைப் புரட்டினேன். நிரூபித்தால்தானே இருக்கும்? அதன் மதிப்பை அழகாகக் கணக்குப் போட்டிருந்தேன். அது இருக்கிறதா என்று பார்க்கவே இல்லை. சென்னைக்குக் கப்பல் உண்டா என்று கேட்காமலே அதில் படுக்கை நம்பர் சொன்ன கதை. மனதுக்குள் ஒரு உதாரணம் போட்டுப் பார்த்தேன். பெரிய தேற்றத்துக்கு அடித்தளமாக வைத்த அந்த லெம்மா உடைந்தது, அதன் மேல் கட்டியதெல்லாம் சரிந்தது. அட கடவுளே, இதுகூடவா கண்ணில் படவில்லை! கை கால் அசையவில்லை.

"படம் நின்றுவிட்டது போல" என்றார் குழுத் தலைவர். "அந்தமான் நெட் இப்படித்தான், பாவம். பேச்சை முழுசாகக் கேட்டாகிவிட்டது, நன்றாகவே செய்திருக்கிறார். ஒரு கேள்விதானே, விட்டுவிடலாமா?" கிழவரும் தலையாட்டினார்.

நெட் நன்றாகத்தான் இருந்தது. கடலுக்கடியில் கேபிள் வந்த பிறகு நாங்கள் அவ்வளவு மோசமில்லை; மெயின்லாண்டுக்குத்தான் இன்னும் சேதி போய்ச் சேரவில்லை. நான் கண்ணைச் சிமிட்டாமல் இன்னும் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தால் போதும். உட்காரத்தான் நினைத்தேன். ஆனால் இந்தப் பொத்தல் லெம்மாவைத் தூக்கிக்கொண்டு இன்னும் இரண்டு வருடம் ஊர் ஊராய்ப் பேச வேண்டுமே என்று நினைத்தபோதே அலுத்துவிட்டது. "நான் லைனில்தான் இருக்கிறேன். லெம்மா தப்பு. ஐ ஆம் ராங்" என்றேன். நன்றி சொல்லி முடித்துவிட்டார்கள்.

சில வாரம் கழித்து, வருந்துகிறோம் என்று மெயில் வந்தது. எனக்கு அழுகை வரவில்லை, தூக்கம்தான் வந்தது. தூங்கி எழுந்து பார்த்தால் அப்பா வாசல் கேட் பக்கத்தில் நின்று தெருவுக்கே கேட்கும்படி நெட்டைத் திட்டிக்கொண்டிருந்தார். முக்கியமான நேரத்தில் லைன் போய்விட்டதாம், இல்லாவிட்டால் வேலை என் கையிலாம். எனக்கு எரிச்சல் தாங்கவில்லை. உள்ளே கூப்பிட்டேன்.

"அப்பா, நெட் போகவே இல்ல. நான்தான் தப்புப் பண்ணேன்."

"தெரியும்மா. கதவுக்கு வெளியதான நின்னேன். ராங்குன்னு நீ சொன்னது கேட்டுச்சு."

"அப்புறம் எதுக்கு இந்தக் கூத்து?"

"உன் கணக்குல தப்புன்னா இவங்களுக்கு என்ன புரியும்? புள்ளைக்குப் படிப்பு வரலன்னு பேசுவாங்க. நெட் போச்சுன்னா எல்லாரும் நம்ம பக்கம். அந்த ஆளுங்க உன்னை வசமா மடக்கிட்டாங்கன்னு எனக்கு ஆத்திரம்."

அவர்கள் மடக்கவில்லை என்று சொன்னேன். இயர்போன் வழியாக எனக்கு மட்டும் கேட்டதை, படம் நின்றுவிட்டது என்று அவர்களே நினைத்துக் கேள்வியை விட்டுவிடப் பார்த்ததை, முழுவதும் சொன்னேன்.

"அப்ப நீ பேசாம இருந்திருந்தா?"

"கெடச்சிருக்கும்ப்பா."

அப்பா நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தாலும் தப்பில்லை, எத்தனை வருடமாக எனக்காகக் காத்திருக்கிறார். அவர் என்னைப் பார்க்கவே இல்லை.

வெளியே பக்கத்து வீட்டு தீதி, நெட் பற்றிப் புகார் கொடுத்தாயிற்றா என்று அப்பாவைக் கேட்டாள்: "தாதா, நெட் கா கம்ப்ளெய்ன்ட் தியா க்யா?"

அப்பா எழுந்து வாசலுக்குப் போனார். 

"நெட் டீக் தா, தீதி" என்றார். நெட் நன்றாகத்தான் இருந்தது, தப்பு என்று என் பொண்ணே சொல்லிவிட்டாள், அதனால் வேலை கிடைக்கவில்லை என்று தன் உடைந்த இந்தியில் மெதுவாகச் சொன்னார். தீதிக்கு விளங்கவில்லை போல. அவர் மறுபடியும் முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தார். மெயிலைப் படித்தபோது வராத அழுகை எனக்கு அப்போதுதான் வந்தது.